கட்டியே இல்லாத கழுத்தை ஏன் அறுக்கணும்? - பழவேற்காட்டு மீனவர் கேட்ட கேள்வியும், புற்றுநோய் போடும் பாதையும்

"இன்னா சார்... புண்ணு கன்னத்துல கீது. கழுத்துல ஒண்ணுமே இல்ல. அத எதுக்கு சார் அறுக்கணும்?"

சென்னை மருத்துவமனை ஒன்றில், எதிரே உட்கார்ந்திருந்த டாக்டரிடம் பழவேற்காட்டு மீனவர் ஒருவர் கேட்ட கேள்வி இது. ஐம்பது வயதைத் தாண்டியவர். முகத்துவாரத்தை ஒட்டிய குப்பங்களில் ஒன்றில் வீடு. பெயர் இங்கே தேவையில்லை. அவர் கேட்டதைப் போலவே கேட்டுவிட்டு, ஆபரேஷன் வேண்டாம் என்று எழுந்து போனவர்கள் நிறைய பேர்.

இடது கன்னத்தின் உள்பக்கம், ஈறை ஒட்டி, ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் புண். முதலில் வெள்ளையாகத் தடித்திருந்தது. பிறகு காரம் பட்டால் எரிந்தது. அப்புறம் எதுவும் படாமலேயே வலித்தது. 'பல்லு குத்துது' என்று மூன்று மாதம் ஓட்டினார். பொன்னேரியில் பல் டாக்டர் ஒருவர்தான் பார்த்தவுடன் சென்னைக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

அந்த இடத்தில் ஏன் புண் வந்தது என்று அவருக்கே தெரியும். பழவேற்காட்டில் 'பாடு' என்றொரு முறை உண்டு. ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை வைப்பது என்று ஊர் கூடி முறை பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு. தன் முறை வந்தால் விட முடியாது. அது இரவாக இருந்தாலும் சரி, மழையாக இருந்தாலும் சரி. இறாலுக்காக ராத்திரி முழுக்கத் தண்ணீரில் விழித்திருக்கும்போது, தூக்கத்தை விரட்டவும் பசியை மறக்கவும் கன்னத்தில் ஒரு சிட்டிகை புகையிலை. அதே பக்கம், அதே இடம், முப்பது வருடம். புகையிலையும் பாக்கும் ஒதுக்கி வைக்கும் இந்த மூலையில் வரும் புற்றுநோய் நம் நாட்டில் அவ்வளவு சகஜம். தமிழ்நாட்டில் 2013-லேயே குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தடை வந்துவிட்டது. தடை வந்த பிறகும் எங்கே கிடைக்கிறது என்று அந்தந்த ஊர் பெட்டிக்கடைக்குத் தெரியும்.

டாக்டர் சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, கன்னத்துப் புண்ணைச் சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடு சேர்த்து எடுத்துவிட வேண்டும். இதற்கு அவர் சம்மதித்துவிட்டார். இரண்டாவது, அதே மயக்கத்திலேயே கழுத்தின் இடது பக்கத்தில் இருக்கும் நெறிகளையும் எடுத்துவிட வேண்டும். தகராறு இதில்தான். தடவிப் பார்த்தால் கழுத்து சுத்தமாக இருக்கிறது. ஸ்கேனிலும் பெரிதாக ஒன்றும் இல்லை.

"கத்தி பட்டா பரவிடும்!"

வீட்டுக்குத் திரும்பியதும் விஷயம் குப்பம் முழுக்கப் பரவிவிட்டது. "கத்தி வெச்சா பரவிடும்டா... வேணாம்" என்றார் மாமியார். அவருக்குத் தெரிந்த இரண்டு பேர் ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருடம்கூட இருக்கவில்லையாம். மீன் கூடையோடு பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போய் வரும் மனைவிக்கோ வேறு கவலை. கழுத்தில் கத்தி வைத்தால் தோள் என்னாகும்? தோள் போனால் வலையை யார் இழுப்பது?

மாமியாரைக் கிண்டல் செய்ய முடியாது. இந்த நம்பிக்கை தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் இருக்கிறது, படித்த வீடுகளிலும்தான். அது பிறந்த கதையும் புரிந்துகொள்ளக்கூடியதே. ஒரு காலத்தில் புற்றுநோய் என்றால் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். கத்தி வைக்கும் முன்பே நோய் உடம்பெங்கும் போயிருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு அது வெளியே தெரியும்போது பழி கத்தி மேல் விழும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தில் கனவு கண்டு, 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது இருந்தவை 12 படுக்கைகள்தான். அந்த நோய்க்கு வைத்தியமே இல்லை என்று படித்தவர்களே பேசிய காலம் அது. அங்கே 1955-ல் சேர்ந்து, 2021-ல் இறக்கும்வரை அந்த வளாகத்தையே வீடாக்கிக்கொண்ட டாக்டர் வி.சாந்தா, ஆயுள் முழுக்கப் போராடியது நோயோடு மட்டுமல்ல, இந்தப் பயத்தோடும்தான்.

சரி, கத்தி பரப்பவில்லை என்றால் பின் எப்படித்தான் பரவுகிறது?

இதற்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் ஜூடா ஃபோக்மேன். அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர். 1960-களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். மாதக்கணக்கில் கடலில் இருக்கும் கப்பல்களுக்கு, கெடாத மாற்று ரத்தம் ஒன்றைத் தயாரிக்க முடியுமா என்பதே அங்கே அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அந்தத் திரவம் வேலை செய்கிறதா என்று பார்க்க, உடம்பிலிருந்து எடுத்த தைராய்டு சுரப்பி ஒன்றை அதில் உயிரோடு வைத்து, அதன் மேல் புற்றுச் செல்களைப் போட்டார்கள். செல்கள் வளர்ந்தன. ஆனால், குண்டூசித் தலை அளவுக்கு வந்ததும் நின்றுவிட்டன. சாகவில்லை, வளரவும் இல்லை. அதே செல்களை எலியின் உடம்புக்கு மாற்றியதும் மளமளவென்று பெருத்தன.

வித்தியாசம் என்ன? எலியின் உடம்பில் கட்டிக்குள் புது ரத்தக்குழாய்கள் ஓடியிருந்தன. கண்ணாடிக் குடுவையில் இருந்த கட்டிக்கு அவை இல்லை.

இதிலிருந்து ஃபோக்மேன் 1971-ல் ஒரு கருத்தைச் சொன்னார். புற்றுக்கட்டி ஒன்று, இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமென்றால் அதற்குச் சொந்தமாக ரத்தக்குழாய் வேண்டும். அந்தக் குழாயைக் கட்டியே ஏதோ ஒரு ரசாயனத்தை அனுப்பி வரவழைக்கிறது. அதைத் தடுத்தால் கட்டியைப் பட்டினி போடலாம். அப்போது பலரும் இதை நம்பவில்லை. ஒரு சர்ஜனுக்கு எதற்கு இந்த வேலை என்று முகத்துக்கு நேராகவே கேட்டவர்களும் உண்டு.

அந்த ரசாயனம் கையில் சிக்க இன்னும் பல வருடம் ஆனது. 1983-ல் ஹெரால்டு டிவோராக்கின் குழு, ரத்தக்குழாயைக் கசிய வைக்கும் ஒரு புரதத்தைக் கட்டிகளிலிருந்து கண்டுபிடித்தது. 1989-ல் நெப்போலியோன் ஃபெராரா என்ற விஞ்ஞானி, ரத்தக்குழாயை வளர வைக்கும் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். இரண்டும் ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது. சுருக்கமாக 'வி.இ.ஜி.எஃப்' என்கிறார்கள். தமிழில் ரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணி.

பெயரைக் கேட்டவுடன் இதை வில்லனாக நினைத்துவிட வேண்டாம். இது நம் எல்லோர் உடம்பிலும் இருக்கிறது. நண்டு கவ்விய விரல் பத்து நாளில் ஆறுகிறதே, அந்தக் காயத்துக்குப் புது ரத்தக்குழாயை வரவழைப்பது இந்தக் காரணிதான். தாயின் வயிற்றில் குழந்தை வளரவும் இது வேண்டும். இதற்கான மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று இல்லாவிட்டால்கூட எலிக்கரு பிழைப்பதில்லை என்று 1996-ல் நிரூபித்தார்கள். காயத்தில் வேலை முடிந்ததும் இது அடங்கிவிடும். புற்றில் அடங்குவதில்லை.

ஏன் அடங்குவதில்லை? கட்டி வேகமாகப் பெருக்கும்போது அதன் நடுவில் இருக்கும் செல்களுக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. மூச்சு முட்டும் செல், உதவி கேட்டு இந்தக் காரணியைச் சுரக்கும். ஆக்சிஜன் குறைவதைச் செல்கள் எப்படி உணர்கின்றன என்று கண்டுபிடித்ததற்காகத்தான் கேலின், ராட்கிளிஃப், செமன்ஸா மூவருக்கும் 2019-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. காரணி வந்ததும் பக்கத்து ரத்தக்குழாயிலிருந்து கிளை முளைத்துக் கட்டிக்குள் நுழைகிறது. அவசரத்தில் போட்ட ரோடு மாதிரி, கோணலும் ஓட்டையுமாக இருக்கும் குழாய் அது. அந்த ஓட்டை வழியாகச் சாப்பாடு உள்ளே போகிறது. புற்றுச் செல் வெளியே வருகிறது.

நெறி கட்டுவது எதனால்?

ஆனால், வாய்ப்புற்று முதலில் போவது பெரும்பாலும் ரத்தத்தின் வழியே அல்ல. அதற்கு இன்னொரு வழி இருக்கிறது.

காலில் முள் குத்தி சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். தொண்டை வலி வந்தால் தாடைக்குக் கீழே நெறி கட்டும். பாட்டி சொல்லும் அந்த 'நெறி'தான் நிணநீர் முடிச்சு. ரத்தக்குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரைத் திரும்பக் கொண்டுபோய் ரத்தத்தில் சேர்க்க, உடம்பு முழுக்கத் தனியாக ஒரு கால்வாய் வலை இருக்கிறது. அவைதான் நிணநீர்க் குழாய்கள். வழியில் ஆங்காங்கே கிருமிகளைப் பிடித்து வைக்கும் செக்போஸ்ட்கள்தான் நெறிகள். உடம்பில் உள்ள நெறிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கழுத்திலேயே இருக்கின்றன. வாயும் மூக்கும் தொண்டையும் கிருமி நுழையும் வாசல் என்பதால் அங்கே காவல் அதிகம்.

இந்த நிணநீர்க் குழாய்களின் நுனி, ரத்தக்குழாய் போல் இறுக்கமாக ஒட்டப்பட்டதல்ல. ஓலைக் கீற்றை ஒன்றன் மேல் ஒன்று சாய்த்து வைத்ததுபோல் தளர்வாக இருக்கும். உள்ளே இருக்கும் ஓட்டமும் மெதுவானது. ஒரு புற்றுச் செல்லுக்கு உள்ளே நழுவவும், சிதையாமல் பயணம் செய்யவும் இதைவிட வசதியான வழி கிடையாது.

பழவேற்காட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். அவர்கள் பிழைப்பே வாய்க்கால்தான். முகத்துவாரத்தில் மணல் மேடு விழுந்து அடைத்துக்கொண்டால் கடல் நீர் ஏரிக்குள் வராது, படகும் கடலுக்குப் போக முடியாது. அதைத் திறந்துவிடச் சொல்லி எத்தனை மனு, எத்தனை வருடம்! புற்றுக்கட்டி யாரிடமும் மனு கொடுப்பதில்லை. அடைத்திருக்கும் வாயைத் தானே வெட்டித் திறந்துகொள்கிறது.

வெட்டும் மண்வெட்டியின் பெயர் 'வி.இ.ஜி.எஃப்-சி'. முதலில் சொன்ன காரணியின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். பின்லாந்தின் ஹெல்சின்கியில் காரி அலிடாலோ என்பவரின் குழு 1996-ல் இதைக் கண்டுபிடித்தது. அண்ணன் ரத்தக்குழாயை வளர்ப்பவர் என்றால், தம்பியின் முக்கிய வேலை நிணநீர்க் குழாயை வளர்ப்பது. 2001-ல் பல ஆய்வுக்கூடங்கள் எலிகளை வைத்து ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒரே முடிவுக்கு வந்தன. இந்தக் காரணியையோ, இதன் உறவான இன்னொரு காரணியையோ அதிகம் சுரக்கும் கட்டிகளைச் சுற்றி நிணநீர்க் குழாய்கள் பெருகுகின்றன, அவை அகலமாகின்றன, நெறிகளுக்குப் புற்று போவதும் அதிகமாகிறது. அதற்குப் பிறகு வந்த எலி ஆய்வுகளில் இன்னும் திகிலான ஒன்று தெரிந்தது. புற்றுச் செல் போய்ச் சேரும் முன்பே, அந்த நெறிக்குள்ளும் குழாய்கள் பெருகத் தொடங்கிவிடுகின்றன. விருந்தாளி வரும் முன்பே பாய் விரித்து வைத்த மாதிரி.

கன்னத்துப் புண் நாணய அளவில் இருக்கும்போதே, கண்ணுக்கும் விரலுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாத சில செல்கள் கழுத்துக்குப் போயிருக்கலாம் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான். தடவினால் எதுவும் தட்டுப்படாத கழுத்துகளில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது வரை, எடுத்துப் பரிசோதித்தால் உள்ளே புற்று இருக்கிறது.

அப்படியானால் எழுபது பேருக்கு அநாவசியமாகக் கழுத்தை அறுக்கிறார்களா?

நியாயமான கேள்வி. உலகம் முழுக்க சர்ஜன்கள் பல வருடம் இதில் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். முதலிலேயே நெறியை எடுத்துவிடுவோம் என்றது ஒரு கட்சி. புண்ணை மட்டும் எடுப்போம், கழுத்தில் கட்டி வந்தால் அப்போது பார்த்துக்கொள்வோம் என்றது மற்றது. சண்டையைத் தீர்த்து வைத்தது இந்தியா. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் டாக்டர் அனில் டி'குரூஸ் தலைமையில் 2004-ல் ஓர் ஆய்வு தொடங்கியது. ஆரம்பக் கட்ட வாய்ப்புற்று உள்ளவர்களை, சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு முதலிலேயே கழுத்து நெறிகளும் எடுக்கப்பட்டன. இன்னொரு பிரிவில் காத்திருந்து பார்த்தார்கள். 500 பேரின் முடிவுகள் 2015-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியாயின. மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் பிரிவில் 80 சதவிகிதம். காத்திருந்த பிரிவில் 67.5 சதவிகிதம்.

வித்தியாசம் 12.5. அதாவது, எட்டு பேருக்கு முதலிலேயே கழுத்து நெறியை எடுத்தால், கூடுதலாக ஓர் உயிர் மிஞ்சுகிறது. இந்தக் கணக்கை டாக்டர் ஒரு தாளில் எட்டு கோடு போட்டுக் காட்டியபோதுதான் அந்த மீனவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடலில் தொழிலுக்குப் போனவருக்குப் படகில் எட்டு பேர் என்றால் என்ன என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

சுறாவுக்குக் கேன்சர் வராதா?

இதற்கிடையில் மனைவியின் தம்பி மகன் ஒரு வீடியோவோடு வந்து நின்றான். "மாமா, சுறாவுக்குக் கேன்சரே வராதாம். அதோட எலும்பை மாத்திரையா விக்கிறாங்க. ஆபரேஷனே வேணாம்."

கதை ஒன்றும் முழுப் பொய்யில் பிறந்ததல்ல. அதுதான் இதில் சிக்கல். சுறாவுக்கு எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான். குருத்தெலும்பில் ரத்தக்குழாய் ஓடுவதில்லை. ஏன் ஓடுவதில்லை என்று ஆராய்ந்தவர்களில் அதே ஃபோக்மேனின் ஆய்வுக்கூடமும் ஒன்று. ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் சுறாவின் குருத்தெலும்பில் இருக்கிறது என்று 1983-ல் ராபர்ட் லாங்கரின் குழு ஆய்வுக்கட்டுரையும் எழுதியது. ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுத்த சாறு செய்த வேலை அது. 1992-ல் வில்லியம் லேன் என்பவர், சுறாவுக்குப் புற்று வராது என்று தலைப்பிலேயே அடித்துச் சொல்லும் ஒரு புத்தகத்தை அமெரிக்காவில் வெளியிட்டார். டி.வி-யில் வந்தது. மாத்திரை வியாபாரம் பற்றிக்கொண்டது. எத்தனையோ சுறாக்கள் அந்தப் புட்டிகளுக்காகச் செத்தன.

உண்மை என்ன? சுறாவுக்கும் அதன் இனத்து மீன்களுக்கும் புற்றும் கட்டிகளும் வருகின்றன. அப்படிப் பதிவான ஏறத்தாழ 40 கட்டிகளைப் பட்டியல் போட்டு 2004-ல் ஆய்வுக்கட்டுரையே வந்துவிட்டது. குருத்தெலும்பு மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்து முறையாகச் செய்த ஆய்வுகளும் தோற்றன. நுரையீரல் புற்று நோயாளிகளிடம் செய்த பெரிய ஆய்வின் முடிவு 2010-ல் வந்தது. மருந்து சாப்பிட்டவர்கள், வெறும் டம்மி சாப்பிட்டவர்களைவிடக் கூடுதல் நாள் வாழவில்லை.

மீனவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பால்சுறாப் புட்டு செய்து போடும் ஊர் அது. குருத்தைக் கடித்துத் துப்பிச் சாப்பிட்டே வளர்ந்தவர் அவர். "நான் தின்னாத சுறாவாடா! அப்போ எனக்கு எப்படி வந்துச்சு?" என்றார். ஆய்வுக்கட்டுரைகளைவிட இந்தக் கேள்வி பையனிடம் நன்றாக வேலை செய்தது.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். அந்த மாத்திரை விளம்பரத்தில் சொல்வதுபோலவே ரத்தக்குழாய் வளர்வதை நிறுத்திவிடும் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஆபரேஷன் தையல் எப்படி ஆறும்? அந்த வேலையை நிஜமாகவே செய்யும் மருந்து ஒன்று இருக்கிறது. அதைப் பெரிய ஆபரேஷனுக்கு நான்கு வாரத்துக்குள் கொடுக்க மாட்டார்கள், காயம் ஆறாது என்பதால். மருந்தின் பெயர் பெவாசிசுமாப். வி.இ.ஜி.எஃப்-ஐ வழியிலேயே மடக்கிப் பிடிக்கும் ஊசி. 2004-ல் முற்றிய பெருங்குடல் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஃபோக்மேனின் கருத்துக்கு 33 வருடம் கழித்துக் கிடைத்த வெற்றி! ஆனால், புற்று அவ்வளவு சுலபத்தில் பட்டினி கிடக்கவில்லை. ஒரு காரணியை அடைத்தால் இன்னொன்றைச் சுரந்து வேறு வழி தேடிக்கொண்டது. மார்பகப் புற்றுக்கு 2008-ல் அந்த ஊசிக்குக் கொடுத்த அனுமதியை, ஆயுளைக் கூட்டவில்லை என்று சொல்லி 2011-ல் திரும்பப் பெற்றார்கள். ஐ.ஐ.டி கான்பூரில் படித்து ஹார்வர்டு போன ராகேஷ் ஜெயின், குழாய்களை அழிப்பதைவிட அந்தக் கோணல் குழாய்களைக் கொஞ்சம் சீராக்கினால் கீமோ மருந்து கட்டிக்குள் ஒழுங்காகப் போகும் என்று வாதிட்டு, அதற்கு ஆதாரமும் காட்டினார். இன்று சில வகைப் புற்றுகளில் மற்ற மருந்துகளோடு சேர்த்து இந்த ஊசியைக் கொடுக்கிறார்கள். நிணநீர்க் குழாயை வளர்க்கும் தம்பியை அடைத்து நோய் பரவுவதை நிறுத்தும் மருந்து எதுவும் இன்னும் சிகிச்சைக்கு வரவில்லை. அதற்கு இன்று இருக்கும் பதில், டாக்டர் கையில் இருக்கும் கத்திதான்.

மனைவியின் கேள்விக்கு வருவோம். தோள் என்னாகும்?

இந்தக் கேள்வியை மட்டும் யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தோளைத் தூக்க உதவும் நரம்பு ஒன்று கழுத்து நெறிகளுக்கு நடுவில்தான் ஓடுகிறது. பழைய முறையில் நெறிகளோடு அந்த நரம்பையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். தோள் தொங்கிப்போகும், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. இப்போது, கட்டி தெரியாத கழுத்தில், புற்று முதலில் போகக்கூடிய சில பகுதிகளின் நெறிகளை மட்டும் எடுத்து, நரம்பை விட்டுவைக்கிறார்கள். அப்படிச் செய்தாலும் நரம்பு இழுபடுவதால் சில மாதம் தோள் வலியும் பலவீனமும் இருக்கும். பயிற்சி செய்தே ஆக வேண்டும். ஆபீஸில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இது சின்ன விஷயம். வலை இழுப்பவருக்கு அது அரிசி, பருப்பு. ஆபரேஷனுக்கு முன்பே தோள் பற்றிக் கேட்டது அந்த அம்மா செய்த நல்ல காரியம். பலரும் கேட்பதில்லை.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு அவர் போய்ச் சேர்ந்தார். ஆபரேஷன் முடிந்து, எடுத்ததையெல்லாம் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வர நாளானது. கன்னத்துப் புண்ணைச் சுற்றி விளிம்பு சுத்தம். கழுத்திலிருந்து எடுத்த நெறிகளில் ஒன்றே ஒன்றில், மைக்ரோஸ்கோப்பில் மட்டும் தெரியும் அளவுக்குப் புற்று இருந்தது. அதாவது, கத்தி படுவதற்கு முன்பே அது அங்கே போய் உட்கார்ந்திருந்தது. மாமியாரிடம் இதை யார் எடுத்துச் சொல்வது என்று வீட்டில் ஒரு சின்ன விவாதமே நடந்ததாம். கடைசியில் பேரன்தான் சொன்னான்.

அதன் பிறகு ஆறு வாரம் கதிரியக்கச் சிகிச்சை. சனி, ஞாயிறு தவிர தினமும். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து மின்சார ரயில், பிறகு இன்னொரு பஸ். பத்து நிமிட வேலைக்கு ஒரு நாள் போய்விடும். வாய் புண்ணாகி, கஞ்சியும் இளநீரும்தான் இறங்கியது. ஒரு கட்டத்தில், இவ்வளவு போதும் என்று நின்றுவிடப் பார்த்தார். இப்படிப் பாதியில் விடுபவர்கள் குறைவல்ல. நோய்க்குப் பயந்து அல்ல, பஸ்ஸுக்கும் பட்டினிக்கும் பயந்து. அவர் நிற்காததற்குக் காரணம், மனைவி கூடையை மகளிடம் கொடுத்துவிட்டுத் தினமும் கூடவே ரயிலில் ஏறியதுதான்.

அதே குப்பத்தில் இன்னொருவர் இருக்கிறார். இவரைவிட இளையவர். அவருக்கும் கன்னத்தில்தான் வந்தது. ஆனால், கழுத்தில் எலுமிச்சை அளவுக்கு நெறி கட்டி, அது அசையாமல் இறுகிய பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆபரேஷன் செய்யும் கட்டம் தாண்டிவிட்டது. அவருக்குக் கொடுத்திருப்பது வெறும் மாத்திரைகள். வாரத்துக்கு ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், தினமும் இரண்டு வேளை செலிகாக்ஸிப். இரண்டும் மூட்டு வலிக்காரர்கள் வீட்டு டப்பாவிலும் இருக்கும் பழைய, மலிவான மாத்திரைகள். குறைந்த அளவில் இடைவிடாமல் கொடுத்தால் இவை கட்டிக்குப் புது ரத்தக்குழாய் முளைப்பதையும் தடுக்கின்றன என்பதே இதன் பின்னால் இருக்கும் யோசனை. டாடா மெமோரியல் டாக்டர்கள் 422 நோயாளிகளிடம் இதை, ஊசியில் ஏற்றும் சிஸ்பிளாட்டின் கீமோவோடு ஒப்பிட்டு, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களில் பாதிப் பேர் 6.1 மாதத்தைத் தாண்டினார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் 7.5 மாதத்தை. குணமாக்கும் மருந்து அல்ல இது. ஆனால், படுக்கையில் கிடந்து பாட்டில் ஏற்றாமல், வீட்டிலேயே இருந்து, ஏழையும் வாங்கக்கூடிய விலையில் கிடைக்கும் கொஞ்சம் கூடுதல் நாள்கள்.

வாரத்தில் ஒருநாள் மட்டும் போட வேண்டிய மாத்திரையைத் தவறிப்போய்த் தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால், அவர் வீட்டு நாள்காட்டியில் வியாழக்கிழமைகளில் மட்டும் பேனாவால் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். அவர் இன்னும் வலை பின்னுகிறார். சாயங்காலங்களில் கழுத்தில் தழும்போடு பெரியவர் வந்து பக்கத்தில் உட்காருவார். தோளுக்குப் பயிற்சி என்று டாக்டர் சொன்னபடி, சுவரில் விரல்களை நண்டு மாதிரி மேலே மேலே நகர்த்திக்கொண்டிருப்பார். போன மாதம் ஜன்னல் உயரம்வரை போனது. இப்போது அதற்கு ஒரு சாண் மேலே.